வயித்தக் கையால படிக்கிற வித்தை: சீனா, ஜப்பான் வயித்துத் தடவல் பத்தி முதல்தடவை கேக்குறவங்களுக்கு

கொரியாவுல குழந்தை வயிறு வலிக்குதுன்னு அழுதா அம்மாக்காரங்க மாத்திரை டப்பாவத் தேடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுவாங்க, குழந்தைய மடியில படுக்க வச்சு, ரெண்டு உள்ளங்கையையும் தேய்ச்சு சூடாக்கி, வயித்து மேல வச்சு வட்டமா மெதுவா தடவிக்கிட்டே "அம்மா கை மருந்துக் கை"ன்னு ராகம் போட்டுச் சொல்லுவாங்க. பாட்டி இருந்தா பாட்டி கை மருந்துக் கை. குழந்தை கொஞ்ச நேரத்துல தூங்கிடும்.

எல்லா ஊர் அம்மாவும் பண்றது தானே இதுன்னு தோணும். ஆனா கிழக்காசியாவுல இந்தத் தடவல் வீட்டோட நிக்கல. சீனாவுலயும் ஜப்பான்லயும் இத ஏட்டுல எழுதி, படம் வரைஞ்சு, எந்த விரலால எத்தனை தடவைன்னு கணக்கு வச்சு, குரு சிஷ்யன்னு சொல்லிக் குடுத்து நூத்துக்கணக்கான வருஷமா வளர்த்திருக்காங்க. சீனாவுல இதுக்கு மோஃபுன்னு பேரு, மோன்னா தடவுறது, ஃபுன்னா வயிறு. ஜப்பான்ல அம்ப்புக்கு, கையால அழுத்துறது பிளஸ் வயிறு. முதல்தடவை இந்த வார்த்தையக் கேட்டப்போ எனக்கு 'அன்புக்கு'ன்னு தான் காதுல விழுந்துச்சு, அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு, இன்னைக்கும் அப்படித்தான் ஞாபகம் வச்சிருக்கேன்.

நான் இதுக்குள்ள வந்தது மலச்சிக்கலால. வருஷக்கணக்கா உக்காந்த இடத்துல வேலை, நேரங்கெட்ட நேரத்துல சாப்பாடு, வயிறு எப்பவும் உப்புன மாதிரி, ராத்திரி படுத்தா மேல் வயித்துல ஒரு கல்லு வச்ச மாதிரி இருக்கும். டாக்டர் பாத்து பெருசா ஒண்ணும் இல்லன்னு சொன்னதுக்கு அப்புறம் தான் இதத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், படிக்கப் படிக்க எனக்கு வைத்தியத்த விட இந்த மனுஷங்க வயித்தப் பாத்த விதம் தான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மசாஜ்னு சொன்னதும் நமக்கு எண்ணெய், பிசையுறது, அழுத்துறதுன்னு தான் தோணுது. இங்க கை முதல்ல பண்றது கேக்குறது, வயிறு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு, கேட்ட அதே கை அப்படியே வைத்தியமும் பண்ணுது. நோய் பாக்குற கையும் நோய்க்குப் பாக்குற கையும் ஒண்ணுன்னு புரிஞ்சுட்டா இந்த வித்தைல பாதி புரிஞ்ச மாதிரி.

வயித்துக்கு ஏன் இவ்ளோ மரியாதைன்னு தெரியணும்னா ஜப்பான்காரங்க பேச்சக் கேட்டாலே போதும். வயித்துக்கு அவங்க மொழியில ஹரான்னு பேரு. கோபம் வந்துடுச்சுன்னு சொல்லணும்னா "ஹரா எழுந்து நிக்குது"ம்பாங்க. மனசு விட்டுப் பேசுறதுக்கு "ஹராவப் பிளந்து" பேசுறதுன்னு பேரு. உள்ள கெட்ட எண்ணம் இருக்குறவன் "கறுப்பு வயித்துக்காரன்". ஒரு முடிவுக்கு வந்துட்டா "வயித்தத் தீர்மானம் பண்ணிட்டான்". நாம வயித்தெரிச்சல், வயித்துல புளியக் கரைக்குது, வயித்துல பாலை வார்த்தன்னு சொல்றோம்ல, அதனால இது நமக்கு அந்நியமாவே படாது. கோபம் தணியலன்னா "வயித்துப் பூச்சி அடங்கல"ன்னும் சொல்லுவாங்க, அது சும்மா பேச்சுக்கு மட்டும் இல்ல, 1568-ல எழுதுன ஹரிகிகிகாகின்னு ஒரு ஊசி வைத்திய (அக்குபஞ்சர்) ஏடு இருக்கு, அதுல வயித்துக்குள்ள குடியிருந்து நோய் குடுக்குறதா அவங்க நம்புன 63 பூச்சிகளக் கலர் கலரா வரைஞ்சு வச்சிருக்காங்க, இப்ப அது கியூஷு தேசிய மியூசியத்துல இருக்கு. பாத்தா குழந்தைங்க வரைஞ்ச மாதிரி அவ்ளோ அழகா இருக்கும்.

இதுக்கெல்லாம் மூலம் சீன வைத்தியம். 'நான் ஜிங்'னு ஒரு பழைய சீன நூல், ஹான் வம்ச காலத்தோடது, 81 கேள்வி பதிலா இருக்கும். அதுல 16-வது கேள்வியில வயித்துக்கு ஒரு மேப் வருது. தொப்புளுக்கு மேல இதயம், தொப்புளுக்கு இடது பக்கம் கல்லீரல், வலது பக்கம் நுரையீரல், கீழ சிறுநீரகம், தொப்புள் இருக்குற இடம் மண்ணீரல். இதப் படிச்சதும் உடனே கேப்பீங்க, கல்லீரல் வலது பக்கம் தானே இருக்கு, நுரையீரல் எப்படி வயித்துல வரும்னு. அவங்க சொல்றது உறுப்பு இருக்குற இடத்த இல்ல, அந்த உறுப்போட கோளாறு வயித்துல எந்த இடத்துல துடிப்பாவோ வலியாவோ கைக்குத் தட்டுப்படும்ங்கிறத. ஆபரேஷன் பண்ற டாக்டரோட மேப்புன்னு எடுத்துக்கிட்டா தப்பா தான் தெரியும், கையோட மேப்புன்னு எடுத்துக்கிட்டா அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு புரியும். அதே நூல்ல தொப்புளுக்குக் கீழ ரெண்டு சிறுநீரகத்துக்கும் நடுவுல ஓடுற சீ தான் உயிருக்கு வேர்னும் வருது. சீன்னா மூச்சு, சக்தி, உயிரோட்டம் எல்லாம் சேர்ந்த மாதிரி ஒரு வார்த்தை. தொப்புளுக்கு மூணு நாலு விரக்கடை கீழ இருக்குற அந்த இடத்த ஜப்பான்ல தாந்தென்னு சொல்லுவாங்க, தியானம் பண்றவங்க, வாள் சண்டை பழகுறவங்க, நாடகத்துல பாடுறவங்க எல்லாரும் மூச்ச அங்க இறக்கச் சொல்றது அதனால தான்.

சீனாவுல நோய் பாக்குறதுல நாடி தான் பெருசா வளர்ந்துச்சு. வயித்தத் தொட்டுப் பாத்து நோய் சொல்றத பெரிய கலையா ஆக்குனது ஜப்பான்காரங்க, அதுக்கு ஃபுகுஷின்னு பேரு. 18-ம் நூற்றாண்டுல ஹிரோஷிமா பக்கத்துல இருந்து கியோட்டோவுக்கு வந்த யோஷிமாசு தோதோன்னு ஒரு வைத்தியர் (1702–1773), கைக்குத் தட்டுப்படாத தத்துவத்தையெல்லாம் ஓரமா வச்சுட்டு எல்லா நோய்க்கும் வேர் வயித்துல தான் இருக்கு, அதனால வைத்தியன் வயித்தத் தொட்டே ஆகணும்னு அடிச்சுச் சொன்னார். இது பழங்கதைன்னு நினைச்சுடாதீங்க, இன்னைக்கும் ஜப்பான்ல எம்பிபிஎஸ் மாதிரி முழுசா படிச்ச டாக்டர்களே கம்போன்னு சொல்ற மூலிகை மருந்து எழுதிக் குடுக்குறாங்க, 148 கம்போ மருந்துக்கு அரசு இன்சூரன்ஸே இருக்கு, அந்த மருந்துல எது யாருக்குன்னு முடிவு பண்ண வயித்தத் தொட்டுப் பாக்குறாங்க.

எப்படின்னு ரெண்டு மூணு உதாரணம் சொல்றேன். விலா எலும்புக்குக் கீழ விரல வச்சு உள்பக்கமா லேசா தள்ளுனா சில பேருக்குத் தடுக்கும், ஒரு மாதிரி அடைச்ச மாதிரி இருக்கும், அதுக்கு கியோக்கியோ குமான்னு பேரு, டென்ஷன் ஜாஸ்தி உள்ளவங்களுக்கு நிறைய இருக்கும், அதுக்குன்னு தனி மூலிகைக் கூட்டம் உண்டு. வயசானவங்க சில பேருக்குத் தொப்புளுக்குக் கீழ அழுத்துனா காத்து போன பலூன் மாதிரி எதிர்ப்பே இல்லாம உள்ள போகும், அவங்களக் கேட்டா இடுப்பு வலி, ராத்திரில அடிக்கடி யூரின் போக எழுந்திருக்குறேன்னு சொல்லுவாங்க, அதுக்கு எட்டு சரக்கு சேர்த்த ஹச்சிமிஜியோகன் குடுப்பாங்க. மேல் வயித்துல விரலால தட்டுனா சில பேருக்குள்ள தண்ணி தளும்புற சத்தம் கேக்கும், அது சோர்ந்து போன இரைப்பைக்கு அடையாளம். இன்னொண்ணு, நம்மூர் டாக்டர் வயித்த அமுக்கிப் பாக்கும்போது முழங்கால மடக்கச் சொல்லுவாரு, வயித்துத் தசை தளரணும்னு. கம்போ டாக்டர் கால நல்லா நீட்டச் சொல்லுவாரு, ஏன்னா அவருக்கு அந்தத் தசையோட இறுக்கமும் சேர்ந்து தான் வேணும், அதுவும் நோயோட பேச்சு.

பேலன்ஸ், பேலன்ஸ்னு இந்த வித்தையப் பத்திப் பேசுற எல்லாரும் சொல்லுவாங்க, அது என்ன பேலன்ஸ்னு யாரும் தெளிவா சொல்ல மாட்டாங்க. அது கையால தொட்டுப் பாக்கக்கூடிய ஒண்ணு. ஜப்பான் வைத்தியத்துல கியோ, ஜித்சுன்னு ரெண்டு வார்த்தை இருக்கு. கியோன்னா வெறுமை, அழுத்துனா சத்தில்லாம உள்ள போற இடம். ஜித்சுன்னா நிறைவு, அழுத்துனா திருப்பித் தள்ளுற இடம். நல்ல வயிறுன்னா மேல மெத்துன்னு இருக்கணும், தொப்புளுக்குக் கீழ பதமா பிசைஞ்ச சப்பாத்தி மாவு மாதிரி அமுங்குனா மறுபடி எழும்பணும். மேல கியோ கீழ ஜித்சு. நம்மள்ல நிறையப் பேருக்கு இது தலைகீழா இருக்கு, மேல் வயிறு கல்லு மாதிரி, அடிவயிறு தொளதொளன்னு. என்னோடதும் அப்படித்தான் இருந்துச்சு, படுத்துக்கிட்டு நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்க, தெரியும். இறுகிக் கிடக்குற இடத்தப் போட்டு அமுக்கணும்னு தான் கை துடிக்கும், ஆனா 20-ம் நூற்றாண்டுல ஷியாட்சுங்கிற, விரலால அழுத்துற ஜப்பான் முறைய வயித்த வச்சே வளர்த்த மாசுனாகா ஷிசுதோ (1925–1981) வழியில வந்தவங்க முதல்ல வெறுமையா இருக்குற இடத்துல தான் கைய வச்சுக் காத்திருப்பாங்க, அங்க தெம்பு வந்தா இறுக்கம் தானா விடும்ங்கிறது அவங்க அனுபவம்.

இந்தக் கை வித்தை ஜப்பான்ல யார் கையில வளர்ந்துச்சுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, அதக் கொஞ்சம் நின்னு சொல்லணும். சீனாவுல இருந்து வந்த அன்மாங்கிற மசாஜ் முறைக்கு 8-ம் நூற்றாண்டு அரசு சட்டத்துலயே வாத்தியார் பதவி இருந்துச்சு. ஆனா 17-ம் நூற்றாண்டுல அது பார்வை இல்லாதவங்களோட தொழிலா மாறுச்சு, அதுக்குக் காரணமான ஆள் சுகியாமா வாய்ச்சி (1610–1694). சின்ன வயசுலயே கண்ணு போயிடுச்சு, ஊசி வைத்தியம் கத்துக்கப் போன இடத்துல கை வரலன்னு அனுப்பிட்டாங்க. மனசு ஒடஞ்சு எனோஷிமா தீவுக் குகையில பென்சாய்தென் கிட்ட வேண்டிக்கிட்டுக் கிடந்தார்னு சொல்லுவாங்க. பென்சாய்தென் வேற யாரும் இல்ல, நம்ம சரஸ்வதி தான், புத்த மதத்தோட சேர்ந்து சீனா வழியா ஜப்பான் வரைக்கும் போனவ. வெளிய வரும்போது ஒரு கல்லு தடுக்கி விழுந்தார், கையில சுருண்ட இலை ஒண்ணு குத்துச்சு, அதுக்குள்ள ஒரு பைன் ஊசி இலை. ஊசிய ஒரு சின்னக் குழாய்க்குள்ள வச்சுக் குத்துனா கண்ணு தெரியாதவங்களும் சரியாக் குத்தலாமேன்னு அப்பத் தான் தோணுச்சாம். தீவுக் கதைய எப்படி வேணா எடுத்துக்கோங்க, அந்தக் குழாய் நிஜம், இன்னைக்கும் ஜப்பான் ஊசி வைத்தியம் அதே குழாய வச்சுத் தான் நடக்குது.

அப்ப ஜப்பான ஆண்ட படைத்தலைவருக்கு ஷோகுன்னு பேரு, அஞ்சாவது ஷோகுன் சுனாயோஷிக்கு சுகியாமா வைத்தியம் பாத்துக் குணமாக்குனதும், என்ன வேணும் கேளுன்னு ஷோகுன் கேட்டாராம், இவர் ஒரே ஒரு கண்ணு வேணும்னு சொன்னாராம். கண்ணக் குடுக்க முடியாத ஷோகுன், இன்னைக்கு டோக்கியோன்னு சொல்ற 'எதோ' நகரத்துல 'ஒத்தக் கண்ணு'ன்னு அர்த்தம் வர்ற பேர் உள்ள இடத்துல நிலம் குடுத்தார், அந்த இடத்துல இன்னைக்கும் அவர் பேர்ல கோயில் இருக்கு. பார்வை இல்லாதவங்களுக்கு ஊசியும் அன்மாவும் சொல்லித் தர்றதுக்குப் பள்ளிக்கூடம் வச்சார். அதுக்கப்புறம் ராத்திரியில தெருவுல சின்னக் குழல் சத்தம் கேட்டா அன்மாக்காரர் வர்றார்னு அர்த்தம். யோசிச்சுப் பாருங்க, கண்ணால பாக்க முடியாத ஒருத்தருக்கு வயித்து மேல வைக்கிற கை தான் எல்லாமே, சூடு, குளிர்ச்சி, இறுக்கம், துடிப்புன்னு எல்லாத்தையும் கையே படிச்சாகணும். தலைமுறை தலைமுறையா அப்படிப்பட்ட கைங்க வளர்த்த வித்தைக்கு நுணுக்கம் வராம எப்படி இருக்கும்.

கையால படிக்கிறதுக்கு இன்னொரு சாட்சி ககாவா கெனெத்சு (1700–1777). கியோட்டோவுல அன்மா பண்ணி வயித்தக் கழுவுனவர், கர்ப்பிணிங்க வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தே குழந்தை கர்ப்பத்தோட பாதியில இருந்தே தலைகீழா தான் இருக்குன்னு கண்டுபிடிச்சு 1765-ல புத்தகமா போட்டார். அதுவரைக்கும் அங்க குழந்தை நிமிர்ந்து உக்காந்திருக்கும், பிரசவ நேரத்துல தான் திரும்பும்னு நம்பிட்டு இருந்தாங்க. ஸ்கேன் இல்லாத காலத்துல வெறும் கை சொன்ன உண்மை இது.

அப்புறம் 1827-ல ஓதா ஷின்சாய் அம்ப்புக்குக்குன்னே தனியா படம் போட்டு ஒரு புத்தகம் கொண்டு வந்தார், அம்ப்புக்கு ஸுகாய்னு பேரு. இதமா தடவிச் சரிபண்றது, இறுகுன இடத்த இளக்குறது, மூட்டுகள அசைச்சு வழி விடுறதுன்னு மூணு வகையா பிரிச்சுக் காட்டியிருக்கார். பிற்காலத்துல வந்த ஷியாட்சு வயித்துக்குக் குடுக்குற முக்கியத்துவத்துக்கு இந்த ஏடும் ஒரு காரணம்.

சரி, நாமே நமக்குப் பண்ணிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு தெளிவா, எளிமையா இருக்குறது சீனாவோட 'ஆயுள் நீட்டும் ஒன்பது சுத்து' தான். ஃபாங் கய்ங்கிற பெரியவர் சொல்லிக் குடுத்தத யென் வெய்ங்கிறவர் 1735 வாக்குல ஒன்பது படத்தோட எழுதி வச்சார். அதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே தாங் வம்சத்து வைத்தியர் சுன் சிமியாவ், சாப்டதும் படுக்காதீங்க, கொஞ்சம் நடங்க, அப்புறம் வயித்துல பவுடர் போட்டு நூத்துக்கணக்கான தடவை தடவச் சொல்லுங்க, சாப்பாடு நல்லாச் செரிக்கும்னு எழுதியிருக்கார், ஆனா முறையா வரிசை போட்டுக் குடுத்தது இந்த ஒன்பது சுத்து தான்.

தாழ்வான தலையணை, சமமான பாய், மல்லாக்கப் படுத்துக்கணும், மனசு அலையாம இருக்கணும், லேசா தடவணும், மெதுவா நகரணும். இந்த ரெண்டு வார்த்தை, லேசா, மெதுவா, மூல நூல்லயே இருக்கு. முதல்ல ரெண்டு கையோட நடு மூணு விரலையும் நெஞ்செலும்புக்குக் கீழ இருக்குற குழியில வச்சு ஒரே இடத்துல வட்டமா 21 சுத்து. ரெண்டாவது, அதே விரல வட்டம் போட்டுக்கிட்டே அடிவயித்து எலும்பு வரைக்கும் இறக்கிட்டு வரணும். மூணாவது, அங்க இருந்து ரெண்டு கையும் பிரிஞ்சு வயித்தோட ரெண்டு ஓரத்துலயும் வட்டம் போட்டுக்கிட்டே மேல ஏறி மறுபடி நெஞ்சுக்குழியில சேரணும். நாலாவது, நெஞ்சுக்குழியில இருந்து நேர்கோட்டுல அடிவயித்து எலும்பு வரைக்கும் வழிச்சு விடுறது, 21 தடவை. அஞ்சாவது, வலது கையால தொப்புளச் சுத்தி 21, ஆறாவது, இடது கையால எதிர்ப்பக்கமா 21. ஏழாவது, இடது கைய இடது இடுப்புல வச்சுப் பிடிச்சுக்கிட்டு வலது கையால இடது மார்புக்குக் கீழ இருந்து தொடை இடுக்கு வரைக்கும் நேரா வழிக்கிறது 21, எட்டாவது அதே மாதிரி கைய மாத்தி வலது பக்கம் 21. இந்த எட்டும் சேர்ந்து ஒரு தடவை. கடைசி ஒன்பதாவதுக்கு எழுந்து சம்மணம் போட்டு உக்காந்து, கைய முழங்கால்ல வச்சு, இடுப்புக்கு மேல உடம்ப மட்டும் உரல்ல குழவி சுத்துற மாதிரி மெதுவா இந்தப் பக்கம் 21, அந்தப் பக்கம் 21 சுத்தணும்.

ஆரம்பிக்கிறவங்க ஒரு வேளைக்கு எட்டையும் சேர்த்து மூணு தடவை, மூணு நாள் கழிச்சு அஞ்சு தடவை, இன்னும் மூணு நாள் கழிச்சு ஏழு தடவைன்னு ஏத்தணும்னு நூல் சொல்லுது, காலையில எழுந்ததும் ஒரு வேளை, மத்தியானம் ஒரு வேளை, ராத்திரி படுக்கும்போது ஒரு வேளை. நமக்கு அவ்ளோ நேரம் எங்க இருக்கு, நான் ராத்திரி ஒரு வேளை மட்டும் தான் பண்றேன், அதுவும் சில நாள் ரெண்டு தடவைக்கு மேல போகாது, தூக்கம் வந்துடும். வயிறு நிறைய சாப்டுட்டு உடனே பண்ணக் கூடாது, ரெண்டு மணி நேரமாவது விடணும், யூரின் போயிட்டு வந்து படுக்கணும், கை சில்லுன்னு இருந்தா தேய்ச்சு சூடாக்கணும். ஜப்பான் முறையில அழுத்துற இடம் வந்தா மூச்சு வெளிய விடும்போது மட்டும் அழுத்துவாங்க, உள்ள இழுக்கும்போது கைய வயிறே தூக்கட்டும்னு விட்டுடுவாங்க. இத மட்டும் கத்துக்கிட்டாலே வலிக்காது.

எந்தப் பக்கமா சுத்துறதுங்கிறதுல எல்லாரும் குழம்புறாங்க. ஒன்பது சுத்துல ரெண்டு பக்கமும் வருது. ஆனா மலச்சிக்கலுக்குன்னு பண்ணும்போது ஒரே பக்கம் தான், காரணம் எளிமை. சுமார் ஒன்றரை மீட்டர் நீளம் உள்ள பெருங்குடல் வயித்துக்குள்ள ஒரு வாசல் நிலை மாதிரி நிக்குது, உங்க வலது அடிவயித்துல ஆரம்பிச்சு விலா வரைக்கும் மேல ஏறி, குறுக்க இடது பக்கம் போய், இடது ஓரமா கீழ இறங்குது. கை அதே வழியில போகணும், வலது கீழ, வலது மேல, இடது மேல, இடது கீழ. எதிர்ல நிக்கிறவங்க உங்க வயித்துல ஒரு கடிகாரம் மாட்டிப் பாத்தா முள்ளு சுத்துற திசை.

இது வேலை செய்யுதான்னு ஆராய்ச்சியக் கேட்டா நிதானமான பதில் தான் கிடைக்கும். ஸ்வீடன்ல மலச்சிக்கல் உள்ள 60 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு எட்டு வாரம், வாரத்துல அஞ்சு நாள், தினம் கால் மணி நேரம் கைக்கும் வயித்துக்குமா சேர்த்து இதமான மசாஜ் குடுத்துப் பாத்து 2009-ல வெளியிட்டாங்க. வலி, சிக்கல் ரெண்டும் குறைஞ்சுச்சு, ஆனா பேதி மாத்திரை சாப்புடுறது குறையல. பிரிட்டன்ல மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கிற நரம்பு நோய் உள்ள கிட்டத்தட்ட 190 பேர வச்சுப் பண்ண பெரிய ஆராய்ச்சி 2018-ல வந்துச்சு, அதுல முக்கியமா அளந்த விஷயத்துல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல, எத்தனை தடவை போறாங்கங்கிறதுல மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். இது ரெண்டும் கிழக்காசிய முறை இல்ல, சாதாரண வயித்து மசாஜ். ஆக, மலச்சிக்கலுக்குத் துணையா இருக்கும், மருந்துக்கு மாத்து ஆகாது. குடல் சுவத்துல மட்டுமே 10 கோடிக்கு மேல நரம்பு செல் இருக்கு, மூளையோட நேரடி லைன்ல இருக்கு, அதனால சூடான கை வயித்து மேல பத்து நிமிஷம் இருந்தா மனசும் இறங்கி வர்றதுல ஆச்சரியமே இல்லன்னு எனக்குத் தோணுது. என் விஷயத்துல மூணு நாலு வாரத்துல காலைக்கடன் ஒழுங்குக்கு வந்துச்சு, மேல் வயித்துக் கல்லு கரைய அத விட ரொம்ப நாள் ஆச்சு, கூடவே தண்ணியும் நடையும் சேர்த்தேன், அதனால எல்லாப் பெருமையும் கைக்கு மட்டும்னு சொல்ல மாட்டேன்.

சி நே சாங்னு இன்னொரு பேரும் உங்க கண்ணுல படும். பாங்காக்ல சீனக் குடும்பத்துல 1944-ல பிறந்த மந்தாக் சியா, தாவோங்கிற பழைய சீன மத வழியோட முறைங்கள எடுத்து மேல்நாட்டுக்குக் கொண்டு போனதுல பிரபலமான முறை, ஆழமா உறுப்பு உறுப்பா தொடுவாங்க. கல்லீரல்ல கோபம், நுரையீரல்ல துக்கம், சிறுநீரகத்துல பயம், மண்ணீரல்ல கவலைன்னு பழைய சீன வைத்தியத்துல ஒரு கணக்கு இருக்கு, அத வச்சு வயித்துல தேங்கி நிக்கிற உணர்ச்சிய எடுத்து விடுறதா சொல்லுவாங்க. வயித்துல கை வச்சா சில பேருக்கு அழுகை வர்றது உண்மை தான், நான் பாத்திருக்கேன். அதுக்காகக் கல்லீரலத் தொட்டாக் கோபம் போயிடும்னு நோய்க்கு மருந்து மாதிரி விக்கிறத நான் ஏத்துக்கல, கேன்சர் கட்டி கரையும், நச்சு வெளியேறும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

யாரெல்லாம் வயித்தத் தொடவே கூடாதுங்கிறத மட்டும் தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. கர்ப்பமா இருக்குறவங்க வேண்டாம், 1735 நூலே கர்ப்பிணி செய்யக் கூடாதுன்னு சொல்லுது. வயித்துல ஆபரேஷன் ஆகி ஆறாதவங்க, குடலிறக்கம் உள்ளவங்க, வயித்துல கட்டின்னு தெரிஞ்சவங்க, மலத்துல ரத்தம் போறவங்க வேண்டாம். திடீர்னு வந்த வயித்து வலி, அதுவும் காய்ச்சல் வாந்தியோட, வலது கீழ்ப்பக்கம் குத்துற வலி, வயிறு பலகை மாதிரி விறைச்சுக்கிட்டா, காத்தே பிரியலன்னா தடவிட்டு உக்காந்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, அப்பெண்டிக்ஸா இருக்கலாம், குடல் அடைப்பா இருக்கலாம். ஒல்லியா இருக்குறவங்களுக்குத் தொப்புள் கிட்ட டிக் டிக்னு துடிப்பு கைக்குத் தெரியும், அது பெரிய ரத்தக்குழாய், பயப்பட வேண்டாம், ஆனா வயசானவங்களுக்கு அந்தத் துடிப்பு அகலமா, கட்டி மாதிரி விரிஞ்சு துடிச்சா கைய எடுத்துட்டு டாக்டர் கிட்ட காட்டுங்க, ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம். நம்ம ஊர்ல குடல் ஏத்தம்னு கைக்குழந்தையத் தலைகீழாத் தொங்க விட்டு உலுக்குற பழக்கம் இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, தயவுசெஞ்சு அத எந்தக் குழந்தைக்கும் பண்ணாதீங்க.

அடுத்தவங்க கையில வயித்தக் குடுக்கும்போது அவங்க எங்க படிச்சாங்கன்னு கேக்குறதுல தப்பே இல்ல. ஜப்பான்ல அன்மா, மசாஜ், ஷியாட்சு மூணுக்கும் சேர்த்து தேசிய லைசன்ஸ் இருக்கு, குறைஞ்சது மூணு வருஷம் படிச்சுப் பரீட்சை எழுதணும். அந்தச் சட்டம் வந்தது 1947-ல, போருக்கு அப்புறம் ஆக்கிரமிச்சிருந்த அமெரிக்கத் தரப்பு இந்த வைத்தியத்தையெல்லாம் நிறுத்தப் பாத்தப்போ பார்வை இல்லாத வைத்தியர்கள் தான் தெருவுல இறங்கிப் போராடுனாங்க. நல்லாப் பண்றவங்கள எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா, வந்ததும் அழுத்த ஆரம்பிக்க மாட்டாங்க. உங்க பக்கத்துல உக்காந்து, உள்ளங்கைய வயித்து மேல சும்மா வச்சுட்டு ரெண்டு மூணு மூச்சு அப்படியே இருப்பாங்க. அந்த நேரம் தான் அவங்க உங்களப் படிக்கிற நேரம்.

ராத்திரி தடவி முடிச்சதும் நான் வயித்த மூடிட்டுத் தான் படுப்பேன், ஃபேன் காத்து நேரா படக் கூடாது. ஜப்பான்ல இதுக்குன்னே ஹராமாகின்னு வயித்தச் சுத்திப் போடுற பட்டைத் துணி விக்கிறாங்க, குழந்தைங்கள்ல இருந்து தாத்தா வரைக்கும் போடுவாங்க. வெயில் காலத்துல சட்டையத் தூக்கி விட்டுட்டுத் தூங்குற பசங்ககிட்ட அங்கத்த அம்மாங்க, வயித்த மூடு, இல்லன்னா இடி சாமி வந்து தொப்புளத் தூக்கிட்டுப் போயிடும்னு சொல்லுவாங்களாம். இடி சத்தம் கேட்டதும் பசங்க ரெண்டு கையாலயும் தொப்புளப் பொத்திக்குவாங்க, உள்ளங்கை சூடு வயித்துல இறங்கும்.